அறுபதாவது போஸ்டர்

முதலில் ஒரு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன் மேடம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஸ்டேஷன் வாசலில் ‘காணவில்லை’ என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதே, அதில் அந்தப் பெரியவரின் முகத்தை அகலவாட்டில் இழுத்துவிட்டிருக்கிறார்கள். கட்டத்துக்குள் படம் அடங்கவில்லை என்று யாரோ மூலையைப் பிடித்து இழுத்த வேலை. அவரே எதிரில் வந்து நின்றாலும் யாருக்கும் அடையாளம் தெரியாது. சரி செய்ய இரண்டு நிமிடம் போதும். காணாமல் போய்ப் பத்து மாதம் ஆகிறது என்று தேதியைப் பார்த்தால் தெரிகிறது, பாவம். நாளைக்கு யாரையாவது விட்டு மாற்றச் சொல்லுங்கள்.

டீக்கு நன்றி. எழுதிக்கொள்கிற ஏட்டம்மா நிதானமாகவே எழுதட்டும். எனக்கு எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லை.

என் பெயர் ஜெஸ்வின், வயது நாற்பத்தொன்று. ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா ஞானதுரை நாசரேத்திலிருந்து வந்து தொடங்கியது. கல்யாணப் பத்திரிகை, துணிப்பை, இறால் பெட்டிக்கு லேபிள், மாதா கோயில் திருவிழா நோட்டீஸ், இவைதான் எங்கள் பிழைப்பு. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி வழியாக ரப்பர் கட்டையால் மையைத் தள்ளித் தாளில் இறக்குவது. ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான் அடிக்க முடியும். அது காய்ந்த பிறகுதான் அடுத்த நிறம். அப்பா காலத்திலிருந்து எண்ணெய் மைதான் வாங்குகிறோம். பளபளப்பு நன்றாக வரும், ஆனால் காய்வதற்கு முழுசாக ஒரு நாள் பிடிக்கும். இதை ஏட்டம்மா கொஞ்சம் தெளிவாக எழுதிக்கொண்டால் நல்லது. பின்னால் தேவைப்படும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் போய்விட்டால், உடம்பு வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவரில் ஏறிவிட வேண்டும், தெருமுனையிலிருந்து சுடுகாடு வரைக்கும். மேலே இரண்டு புறா, நடுவில் ஃபோட்டோ, கீழே விளக்கு, அதற்கும் கீழே மாமன் மச்சான் பெயர்ப் பட்டியல். தோற்றம் என்று ஒரு தேதி, மறைவு என்று ஒரு தேதி. எல்லாம் கம்ப்யூட்டரில் தயாராகக் கிடக்கும். முகத்தையும் பெயரையும் மாற்றினால் இரண்டு மணி நேரத்தில் மிஷினில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பஸ்ஸில் போகிறவன் ஜன்னல் வழியாகப் பார்த்து, ‘அட, இவரா’ என்று உச்சுக்கொட்ட வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. நான் சித்தார்த்துக்குச் செய்தது அந்த மாதிரிப் போஸ்டர் இல்லை.

சித்தார்த்தைப் பற்றி உங்களுக்கு அவன் அம்மா சொல்லியிருப்பார். நானும் சொல்கிறேன், ஏனென்றால் அவனை எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. அவன் அம்மா ரமாபாய் எங்கள் பட்டறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். அடித்த தாளை ஈரம் கலையாமல் இரண்டு விரலால் தூக்கிக் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டுவது அவர் வேலை. எங்கே தொட்டால் காய்ந்திருக்கும், எங்கே தொட்டால் ஒட்டும் என்று அவருக்குப் பார்வையிலேயே தெரியும். அப்பா அவரை வாடி போடி என்றுதான் கூப்பிடுவார். நான் ரமாக்கா என்பேன். அந்த விஷயத்தில் நான் அப்பாவைப் போல இல்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அவர்கள் முதலில் ஆலைகள் நிறைந்த மணலியில் இருந்தார்கள். அங்கே இருக்கும்போதே பிள்ளைக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. சித்தார்த்தின் அப்பாவுக்குப் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் வேலை. அவர்தான் ஊர்க்காற்றே சரியில்லை என்று வியாசர்பாடிக்குக் குடும்பத்தை மாற்றினார். இழுப்பு மட்டும் கூடவே வந்தது. அதனால் எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. ஸ்கிரீன் கழுவுகிற பின்ரூமுக்குள் சித்தார்த் போகக் கூடாது. ஜன்னல் இல்லாத அறை, தின்னர் வாடை தலையைக் கிறுகிறுக்க வைக்கும். அவனும் எங்களிடம்தான் வேலை பார்த்தான். வரைவது, வடிவமைப்பது எல்லாம் முன்னால். கழுவுவது என் வேலை. ரமாக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்குப் போன நாளில்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு அதைத்தான் சொன்னார். பதின்மூன்று வருடம் அந்தச் சட்டத்தை நான் காப்பாற்றியிருக்கிறேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்களைச் சேர்த்து வைத்தது சினிமா போஸ்டர்கள். சினிமா இல்லை மேடம், போஸ்டர். பாதிப் படங்களை நாங்கள் பார்த்ததே கிடையாது. எங்கெங்கோ நாட்டுப் போஸ்டர்களைப் புத்தகத்தில் தேடி, இணையத்தில் தேடி, நல்ல தாளில் அடித்து முன்ரூம் சுவர் முழுக்க ஒட்டியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வருவேன், அவன் வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் வருவான். கையில் பிரியாணிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்போம். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

நம் ஊர்ப் போஸ்டர் என்றால் முகம். நாற்பதடி உயரத்துக்கு முகம், அதற்குப் பால் ஊற்றுவார்கள். போலந்துக்காரன் அப்படிச் செய்ததில்லை. அங்கே ஒரு காலத்தில் நடிகன் முகத்தை எடுத்துவிட்டு ஓவியனிடம் கொடுத்துவிட்டார்கள். அவன் காதல் படத்துக்கு ஒரு காலிச் செருப்பை வரைவான், போர்ப் படத்துக்கு ஒரு சட்டைப் பொத்தானை வரைவான். காட்டாமல் சொல்வது, அதுதான் அவன் வித்தை. கியூபாக்காரனுக்கு மையே பற்றாக்குறை. எங்களைப் போலவே ஸ்கிரீனில் மூன்று நிறம், நான்கு நிறம் என்று அடித்து, அதிலேயே ஜொலிக்க வைத்தான். கானா நாட்டில் மாவுச் சாக்கைப் பிரித்து அதன்மேல் பெயிண்டால் எழுதியிருக்கிறார்கள், ஊர் ஊராக வீடியோ போடுகிறவர்களுக்காக. வரைகிறவன் பல நேரம் படத்தைப் பார்த்திருக்கவே மாட்டான்.

எனக்குப் போலந்து பிடிக்கும். சித்தார்த்துக்குக் கானாதான் உயிர். "படத்துலயே இல்லாத பாம்ப போட்டுகீறான் பாரு மாமு. இவன்தான் ஆர்ட்டிஸ்ட்டு" என்பான். அது அறியாமை, கலை இல்லை என்று நான் விளக்குவேன். அவன் சிரிப்பான். அவனுக்குப் படிப்பு குறைவு, அதனால் நான் பொறுமையாக இருப்பேன். எந்த நாட்டில் எந்த வருடம் யார் என்ன செய்தார் என்று எனக்கு விரல்நுனியில் இருக்கும். அவனுக்கு ஒரு பெயரும் நினைவில் நிற்காது. கையில் பென்சிலைக் கொடுத்தால் மட்டும் எங்கிருந்தோ வந்துவிடும்.

போன வருடம் போலந்தில் ஒரு கண்காட்சிக்குப் போஸ்டர் கேட்டிருந்தார்கள். உங்கள் ஊரைப் பற்றி இன்னும் எடுக்கப்படாத ஒரு படம், அதற்குப் போஸ்டர். நான்தான் அந்த அறிவிப்பைக் கண்டுபிடித்தேன். ஆறு மாதம் உட்கார்ந்து பதினோரு போஸ்டர் செய்தேன். சித்தார்த்தையும் செய்யச் சொன்னதே நான்தான், அதையும் மறக்காமல் எழுத வேண்டும். அவன் கடைசி வாரத்தில் ஒரு மதியம் உட்கார்ந்து ஒன்றே ஒன்று செய்தான். அவன் இழுப்புக்கு வைத்து உறிஞ்சுகிற பம்பு இருக்கிறதே, அதைத் தலைகீழாக நிறுத்தி மணலி ஆலைப் புகைபோக்கியாக ஆக்கியிருந்தான். வாயிலிருந்து புகை. பின்னால் வெறும் மஞ்சள் வானம். அவ்வளவுதான். பார்த்தபோது எனக்கு மூச்சு அடைத்தது என்று சொன்னால் நீங்கள் வேறு மாதிரி நினைப்பீர்கள், ஆனால் அதுதான் நிஜம்.

என்னுடைய பதினொன்றையும் தரையில் பரப்பிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். அவனுக்குப் பொய் சொல்ல வராது. "சோக்காதான் கீது மாமு. இன்னா ஒண்ணு, எங்கியோ பாத்தா மாரியே கீது" என்றான். சொல்லிவிட்டு அவனுக்கே சங்கடமாகி டீ வாங்கிவரக் கிளம்பிவிட்டான்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் பதில் வந்தது. அவனுடையதை எடுத்துக்கொண்டார்கள். அது மட்டும் இல்லை, அங்கேயே ஒரு கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படிக்க இடம், சாப்பாடு எல்லாம் தருவதாகவும் எழுதியிருந்தார்கள். இங்கிலீஷ் கடிதத்தை நான்தான் அவனுக்குப் படித்துச் சொன்னேன். ரமாக்கா கோதுமை அல்வா கிண்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். என் வாயில் ஊட்டிவிட்டு, எல்லாம் நீ காட்டின வழிதான் நைனா என்று அழுதார். நானும் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன்.

அன்று சாயங்காலம் சித்தார்த் என்னிடம் ஒன்று சொன்னான். "நானு ஒருத்தனா இத்த பண்ணலியே மாமு. உன் பேரையும் போட்டு ரெண்டு பேரா குடுத்துர்லாம். கேட்டு எழுதுறேன்" என்றான். மனதாரத்தான் சொன்னான். வேண்டாம்டா என்று தோளைத் தட்டிக்கொடுத்தேன். நீங்கள் நேற்றிலிருந்து சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறீர்கள், பொறாமையா, வயிற்றெரிச்சலா என்று. இல்லை மேடம். அந்த வார்த்தை எனக்குக் கோபமே வரவழைக்கவில்லை. அவன் அதைச் சொன்னபோது நேரம் ஐந்து நாற்பது, வெளியே மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அவன் நீலச் சட்டை போட்டிருந்தான். கோபம் இருந்திருந்தால் இவ்வளவு நிதானமாக நினைவில் இருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு இருந்தது கவலை. நம் ஊர் மார்கழிப் பனியிலேயே ராத்திரியெல்லாம் எழுந்து உட்கார்ந்து இழுக்கிறவன், அங்கே பனிக்கட்டி கொட்டுகிற ஊரில் இரண்டு வருடம் எப்படித் தாக்குப்பிடிப்பான்? மொழி தெரியாது. அவசரத்துக்குக் கூப்பிட ஆள் கிடையாது. தெரியாத அறையில், தெரியாத மனிதர்கள் நடுவே, மூச்சு முட்டி அநாதையாகச் சாவான். இதுதான் எனக்கு ராப்பகலாகக் கண்ணில் நின்றது. ரமாக்காவிடம் சொன்னேன். டாக்டர் போகலாம் என்று சொல்லிவிட்டார், பம்பு டஜன் கணக்கில் வாங்கியாயிற்று என்றார். யாரும் என்னைப் போல யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். சாவதென்றால் தன் மனிதர்கள் பக்கத்தில் இருக்கும்போது சாகட்டுமே என்று ஒருவருக்குத் தோன்றினால் அது கெட்ட எண்ணமா?

அந்தக் கவலையில்தான் போஸ்டரை ஆரம்பித்தேன். முதலில் ஒரு பயிற்சி மாதிரிதான். சித்தார்த் இல்லாமல் போனால் அதை முகம் காட்டாமல் எப்படிச் சொல்வது? புறா கூடாது, விளக்கு கூடாது. இருபது நாள் கிறுக்கிக் கிறுக்கிப் போட்டேன். ஒரு காலையில் தாள் காயப்போடுகிற கயிற்றை நிமிர்ந்து பார்த்தேன், கிடைத்துவிட்டது. மணலிப் பக்கத்து வானத்தின் சாம்பல் நீலம், தாள் முழுக்க. குறுக்கே ஒரு கறுப்புக் கயிறு. கயிற்றில் ஒரே ஒரு மரக் கிளிப். கிளிப்பின் வாயில் மஞ்சளாக ஒரு கிழிந்த துணுக்கு. தாள் காற்றில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது, துணுக்கு மட்டும் மாட்டியிருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் அவன் பெயர். இதை யாரும் எங்கேயும் பார்த்திருக்க முடியாது மேடம். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல போஸ்டர் அது.

சனிக்கிழமை அவன் கிளம்புவதாக இருந்தது. அந்த வாரம் ஸ்வெட்டர் வாங்க, சொந்தக்காரர்களைப் பார்க்க என்று அலைந்துகொண்டிருந்தான், வேலைக்கு வரவில்லை. திங்கட்கிழமை நீலத்தை அடித்தேன், அறுபது தாள். செவ்வாய்க்கிழமை கறுப்பு. புதன்கிழமை மஞ்சள். மறைவு என்று எழுதி அதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருந்தேன். சினிமா போஸ்டரிலும் அப்படித்தான் செய்வார்கள், ரிலீஸ் தேதி முடிவாகாவிட்டால் இடத்தை விட்டுவிட்டுக் கடைசியில் அடிப்பார்கள்.

புதன்கிழமை சாயங்காலமே தேதியை ஒரு சின்ன ஸ்கிரீனில் எடுத்து வைத்துவிட்டேன். பதினாறு என்று. அப்போதே ஏன் அடிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஒருவேளை வியாழக்கிழமை அவனால் வர முடியாமல் போனால் அறுபது தாளும் வீண்தானே.

வியாழக்கிழமை காலையில் போன் செய்து, உன் பழைய போஸ்டர் சுருளெல்லாம் பின்ரூம் அலமாரியில் இருக்கிறது, அங்கே போய்க் காட்ட வேண்டாமா, வந்து எடுத்துக்கொள் என்றேன். பத்தரைக்கு வந்தான். காய்கிற போஸ்டர்களை மாடிக்கு ஏற்றியிருந்தேன், அவன் பார்க்கவில்லை. பின்ரூமுக்குப் போகத் தயங்கினான். "எங்கம்மா வையும்" என்று சிரித்தான். தின்னரையெல்லாம் மூடி வைத்துவிட்டேன், இரண்டே நிமிடம்தானே, பையை இங்கே வை என்றேன். தின்னர் மூடியிருக்கவில்லை. டிரம்மைத் திறந்து, தரையிலும் ஊற்றியிருந்தேன். ஃபேனின் இணைப்பையும் காலையிலேயே பிடுங்கிவிட்டேன். பம்பு அவன் பையில் இருந்தது, எப்போதும் பையில்தான் வைத்திருப்பான். அந்தக் கதவுக்குப் பூனை வராமலிருக்க வெளியே ஒரு கொண்டி உண்டு.

மாடியிலிருந்து போஸ்டர்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துத் தேதியை அடிக்க ஆரம்பித்தேன்.

கதவு தானாக மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தான். தட்டினான். கூப்பிட்டான். இருமிக்கொண்டே, "மாமு, பையில பம்பு கீது, எட்த்தா" என்றான். எனக்குக் கேட்டது. அப்போது பதினாலாவது தாளில் இருந்தேன். ரப்பர் கட்டையை இழுக்கும்போது நடுவில் நிறுத்தினால் கோடு விழுந்துவிடும். இருபதாவது தாள் வரைக்கும் தட்டிக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு கதவின் அடிப்பக்கத்தில் ஏதோ உரசுகிற சத்தம், கால் என்று நினைக்கிறேன். அறுபதையும் முடித்துக் கிளிப் போட்டு மாட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போனது நான்தான். பக்கத்து நர்சிங் ஹோமில் பழைய வீசிங் சீட்டுகளைப் பார்த்தார்கள், மூச்சுத் திணறல் என்று எழுதிக் கொடுத்தார்கள். அங்கே அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதை நடிப்பு என்று உங்கள் ரிப்போர்ட்டில் எழுதாதீர்கள். அவ்வளவு அழுகை எனக்கு என் அப்பா போனபோதுகூட வரவில்லை.

வியாசர்பாடியில் தெருவே திரண்டிருந்தது. போஸ்டர் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் ஜெஸ்வின் சார் என்று அந்தத் தெரு ஆட்கள் சொன்னார்கள். என்னைத் தவிர யாரிடம் சொல்வார்கள்? பட்டறைக்குப் போய், தேதி கலையாமல் ஒவ்வொரு தாளுக்கும் நடுவே நாளிதழ் வைத்து அடுக்கிக் கொண்டுவந்தேன். நாலு மணிக்கெல்லாம் துரை ஒட்ட ஆரம்பித்துவிட்டார். முப்பது வருடமாகச் சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர் அவர். பசை வாளியை வைத்துவிட்டு ஒரு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மொகத்த மறந்துட்டியா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். வேண்டுமென்றுதான் போடவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. தெருப் பையன்களில் இரண்டு பேர், எங்க அண்ணன் மொகம் இல்லாம இது இன்னா போஸ்டர் என்று முறைத்தார்கள். போலந்தில் இப்படித்தான் செய்வார்கள், அவனுக்கும் பிடித்தது என்று சொன்னேன். அதைக் கேட்டு அடங்கிவிட்டார்கள்.

உள்ளே புத்தர் வழியில் பஞ்சசீலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரோ போய் ரமாக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். வெளியே வந்தார். இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் வரிசையாக ஏழு போஸ்டர். முதல் போஸ்டருக்கு முன்னால் வந்து நின்று, பிள்ளை முகத்தைத் தேடினார். நீலத்தின்மேல் உள்ளங்கையை வைத்து மேலிருந்து தடவிக்கொண்டே வந்தார், அவன் கன்னத்தைத் தடவுகிற மாதிரி. கயிற்றின்மேல், கிளிப்பின்மேல், அந்த மஞ்சள் துணுக்கின்மேல். முகம் எங்கேயும் இல்லை. பெயரைத் தடவினார். அதற்குக் கீழே கை வந்தது. கையை எடுத்துப் பார்த்தார்.

இருபத்திரண்டு வருடம் ஈரத் தாள் தூக்கிய கை மேடம். அதை நான் யோசிக்கவே இல்லை. முகத்தைப் போடாவிட்டால் ஒரு தாய் அதைக் கையால் தேடுவாள் என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. ஃபோட்டோ போட்டிருந்தால் முகத்தை மட்டும் தொட்டு அழுதுவிட்டுப் போயிருப்பார்.

கையைப் பார்த்தார். மறுபடியும் நீலத்தைத் தொட்டார், கறுப்பைத் தொட்டார், மஞ்சளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. அழுகை நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பி, ரகசியம் கேட்கிற குரலில் கேட்டார். "தேதி ஒண்டி ஈரமா கீதே நைனா. மீதியெல்லாம் எப்போ காஞ்சிது?"

மூன்று நிறம், மூன்று நாள். அவரிடம் போய் என்ன சொல்வது? சத்தம் போடுவார், சட்டையைப் பிடிப்பார் என்று நின்றிருந்தேன். ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கையை மூடிக்கொண்டார். மூடியபடியே மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மறுநாள் அடக்கம் முடிகிற வரைக்கும் அந்தக் கையால் சோறு எடுக்கவில்லை, தண்ணீர் தொடவில்லை, பிள்ளைக்கு மண் போட்டதுகூட இடது கையால்தான். அது முடிந்து நேராக உங்களிடம் வந்து விரித்துக் காட்டியிருக்கிறார். நீங்கள் படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள், எனக்கும் காட்டினீர்கள். ரேகைக்கு மேலே பதினாறு, கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி.

ஆமாம், நான்தான் செய்தேன். சித்தார்த்தை அந்த அறைக்குள் அனுப்பி, கொண்டியைப் போட்டு, அவன் பம்பைக் கேட்டபோது கொடுக்காமல் சாகவிட்டது நான். திங்கட்கிழமையே முடிவு செய்துவிட்டேன். யாரும் தூண்டவில்லை, யாரும் கூட இல்லை. படித்துக் காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். அவன் அந்நிய தேசத்தில் அநாதையாகச் சாகக் கூடாது என்பதற்காகச் செய்தேன். அவனைச் சுற்றி அன்றைக்கு ஐந்நூறு பேர் அழுதார்கள். அதைத்தான் நான் அவனுக்குச் செய்து கொடுத்தேன். ரமாக்காவுக்கு இது ஒருநாள் புரியும்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். அறுபது அடித்ததாகச் சொல்கிறாய், சுவரில் ஐம்பத்தெட்டு, பட்டறையில் ஒன்று, அறுபதாவது எங்கே என்று. அதை மறைக்க நினைக்கவில்லை. பட்டறையிலிருந்து போஸ்டர்களைக் கட்டாக எடுத்துக்கொண்டு வியாசர்பாடிக்குப் போகிற வழியில் கூரியர் ஆபீஸில் வண்டியை நிறுத்தினேன். போலந்தில் அடுத்த கண்காட்சிக்கு இப்போதே வாங்குகிறார்கள், அனுப்பி வைக்க அந்த வியாழக்கிழமைதான் கடைசி நாள். ஈரமான இடத்தில் மெழுகுத்தாள் வைத்து, சுருட்டாமல் அட்டைப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். படிவத்தில் வடிவமைத்தவர் என்ற இடத்தில் இரண்டு பெயர் எழுத இரண்டு வரி விட்டிருந்தார்கள். நான் ஒரு வரியைத்தான் நிரப்பினேன். பதில் பட்டறை முகவரிக்குத்தான் வரும். நான் எங்கே இருந்தாலும் எனக்குக் கொஞ்சம் சொல்லியனுப்புங்கள் மேடம்.